சாம்பியன் ரீஃபில் வேலை பார்த்த கொள்ளுத்தாத்தாவை எந்தக் காகிதத்தில் தேடுவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும். பாட்டியின் அப்பா முனுசாமி, குடியாத்தம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கோலார் தங்கவயலுக்குப் பிழைக்கப் போனவர். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை. பாட்டி கைக்குழந்தையாக இருந்தபோது ‘ஏர் பிளாஸ்ட்’டில், அதாவது சுரங்கத்துக்குள் பாறை வெடித்து, இறந்துபோனார் என்பது வீட்டுப் பேச்சு. நிலக்கரிச் சுரங்க ஆவணங்களை எப்படித் தேடுவது என்று ஆங்கிலத்தில் ஒரு வழிகாட்டியைப் படித்திருக்கிறீர்கள். அதை நம்பி தன்பாத்தில் உள்ள சுரங்க ஆய்வுத் துறைக்குக் கடிதம் போடலாமா என்றும், பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் இருந்துகொண்டே அவர் பெயர் எழுதிய ஒரு காகிதத்தையாவது பார்த்துவிட முடியுமா என்றும் கேட்கிறீர்கள்.

நானும் அந்த ஊர்ப் பிள்ளைதான். தாத்தா, அப்பா இருவரும் மைன்ஸில் இருந்தவர்கள். பெங்களூருக்குக் குடிவந்த பிறகு ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் இந்தத் தேடலில்தான் இருக்கிறேன். பெயர் நிச்சயம் கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் எந்தக் கதவைத் தட்டினால் வீண், எதைத் தட்டினால் திறக்கும் என்று சொல்ல முடியும்.

தன்பாத்துக்கு இப்போது எழுத வேண்டாம். ஜாரியா, ராணிகஞ்ச் போன்ற நிலக்கரி வயல்களுக்கு அந்த வழி சரி. பிரிட்டிஷ் இந்தியாவின் சுரங்க ஆய்வுத் துறை 1902-ல் கல்கத்தாவில் தொடங்கி 1908-ல் தன்பாத்துக்கு மாறியது. அந்தப் பக்கத்துச் சுரங்க விபத்துகள் அவர்களுடைய ஆண்டறிக்கைகளில் இருக்கும். கோலாரோ அன்றைக்கு மைசூர் சமஸ்தானத்து மண். 1901-ம் வருடத்து இந்தியச் சுரங்கச் சட்டமும் சரி, 1923-ம் வருடத்துச் சட்டமும் சரி, இங்கே செல்லாது. மகாராஜாவின் அரசாங்கம் தனியாகச் சட்டம் போட்டு, தனக்கென்று ஒரு தலைமைச் சுரங்க ஆய்வாளரையும் வைத்திருந்தது. அதனால் சமஸ்தான காலத்து மரணத்தைத் தன்பாத்தில் தேடினால் கிடைக்காது. 1948-ல் வந்த நிலக்கரிச் சுரங்க வருங்கால வைப்பு நிதியும் அப்படித்தான். அது நிலக்கரித் தொழிலாளிக்கு மட்டுமே உரியது. தங்கச் சுரங்கத்துக்காரர் பெயர் அதில் வராது.

நிலக்கரி என்றதும் ஒரு செய்தி ஞாபகம் வருகிறது. பெங்களூரில் லாவெல் சாலை என்று தினமும் சொல்கிறோமே, அந்த மைக்கேல் ஃபிட்ஸ்ஜெரால்ட் லாவெல் கண்டோன்மென்ட்டில் குடியிருந்த ஓய்வுபெற்ற ராணுவக்காரர். 1873-ல் கோலார் மாவட்டத்தில் தோண்ட அனுமதி கேட்டபோது, தங்கமாவது கிடைப்பதாவது என்று நினைத்த அதிகாரிகள் நிலக்கரி தேட மட்டும் அனுமதிக்கப் பார்த்தார்கள். அவர் விடாப்பிடியாக நின்று, 1875 பிப்ரவரியில் தங்கத்துக்காக 20 வருடக் குத்தகை வாங்கினார். தங்கவயலின் காகிதக் கதையே நிலக்கரிப் பேச்சில்தான் தொடங்குகிறது.

இந்தச் செய்தியைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. லாவெல் மனு கொடுத்த காலத்தில் மைசூரை ஆண்டது மகாராஜா இல்லை. 1831 முதல் 1881 வரை பிரிட்டிஷ் கமிஷனர்கள் நேரடியாக ஆண்டார்கள். ஆகவே அந்தக் காலத்துக் கடிதப் போக்குவரத்தின் ஒரு பிரதி டெல்லியில், இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் வெளிவிவகாரத் துறைக் கோப்புகளுக்குள் இருக்கும். 1881-ல் ஆட்சி திரும்ப உடையார் குடும்பத்துக்குப் போனதும் சுரங்கக் கோப்புகள் மைசூர் தர்பாரின் கோப்புகளாகிவிட்டன. அவை இன்று பெங்களூரில், விதான சௌதாவில் உள்ள கர்நாடக மாநில ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. சமஸ்தானத்தில் பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதியாக இருந்த ரெசிடென்ட் தலையிட்ட விஷயம் என்றால் இரண்டு ஊரிலும் பார்க்க வேண்டும். 1956-ல் சுரங்கங்களை மைசூர் அரசு எடுத்துக்கொண்டது. 1962-ல் மத்திய அரசின் கைக்குப் போயின. 1972-ல் பாரத் கோல்ட் மைன்ஸ் லிமிடெட் உருவானது. 2001 பிப்ரவரி 28-ம் தேதி மூடினார்கள். உங்கள் ஆள் எந்த வருடத்தில் வேலை செய்தார் என்பதை வைத்துத்தான் எந்த அலமாரி என்பது முடிவாகும். பலர் இதைக் கவனிக்காமல் மாதக்கணக்கில் அலைகிறார்கள். நானும் அலைந்திருக்கிறேன்.

சரி, எல்லோரும் முதலில் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். கம்பெனி ரெஜிஸ்டர் எங்கே?

1880 முதல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற லண்டன் நிறுவனம்தான் இந்தச் சுரங்கங்களை நிர்வகித்தது. மைசூர், சாம்பியன் ரீஃப், ஊர்காம், நந்திதுர்க் எல்லாமே தனித்தனிக் கம்பெனிகள், நிர்வாகம் மட்டும் ஒன்று. கம்பெனிகள் பங்குதாரர்களுக்கு அனுப்பிய ஆண்டறிக்கைகளைப் புரட்டிப் பாருங்கள். எத்தனை டன் பாறை நொறுக்கினார்கள், ஒரு டன்னுக்கு எத்தனை பென்னிவெயிட் (தங்கம் நிறுக்கும் சிறிய எடை அளவு) தங்கம், மொத்தம் எத்தனை அவுன்ஸ், பங்குக்கு எவ்வளவு லாபம் என்று கடைசித் துளிவரை கணக்கு இருக்கும். ஆட்களைப் பற்றி வரும்போது எண்ணிக்கையோடு நின்றுவிடும். லண்டன் க்யூவில் உள்ள பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில் கலைக்கப்பட்ட கம்பெனிகளின் கோப்புகள் ‘பி.டி. 31’ என்ற வரிசையில் இருக்கின்றன. அங்கே கிடைப்பதும் பங்குதாரர் பெயர்கள்தான். ரெட்ருத்தில் உள்ள கார்ன்வால் ஆவணக் காப்பகம் அங்கிருந்து வந்த வெள்ளைக்கார மேஸ்திரிகளின் குடும்பங்களைத் தேடுகிறவர்களுக்குப் பெரிய புதையல். முனுசாமியைத் தேடுகிறவருக்கு அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை.

கூலி போட்ட மஸ்டர் ரோல்கள், அதாவது ஆள் வருகைப் பதிவேடுகள், இருந்தன. ஆனால் அவற்றைக் காப்பாற்ற வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. பழைய ரெஜிஸ்டர்களைத் தேடி ஓர் அலுவலகத்துக்குப் போனேன். அறை முழுக்கக் கரையான் புற்று. தொட்ட இடமெல்லாம் மண்ணாக உதிர்ந்தது. அன்று மாலை ரயிலில் திரும்பும்போது எனக்குப் பேசவே பிடிக்கவில்லை. இன்னொன்றும் உண்டு. கணிசமான ஆட்கள் கம்பெனியின் நேரடி ஆட்களே இல்லை, கான்ட்ராக்டர் ஆட்கள். கம்பெனி கான்ட்ராக்டருக்குப் பணம் கொடுக்கும், கான்ட்ராக்டர் இவர்களுக்குக் கொடுப்பார். அப்படிப்பட்டவர் பெயர் கம்பெனிக் கணக்கில் ஏறியே இருக்காது.

ஆகவே தேடலை வீட்டிலிருந்து தொடங்குங்கள். ஆண்டர்சன்பேட்டையில் பாட்டியின் அக்கா இருக்கிறார், வயது 89 என்று எழுதியிருந்தீர்கள். முதலில் அவரைப் போய்ப் பாருங்கள். காப்பகம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அவரிடம் ‘அப்பா எந்த வருஷம் செத்தார்’ என்று கேட்காதீர்கள், வருஷம் ஞாபகம் இருக்காது. எந்த ஷாஃப்ட் (சுரங்கத்துக்குள் இறங்கும் குழி), எந்த லைன் வீடு (தொழிலாளர்களின் வரிசை வீடு), எந்த மேஸ்திரி கூட்டிவந்தார், சங்கு ஊதினால் எந்த ஷிஃப்டுக்குப் போவார் என்று கேளுங்கள். கிஃபோர்ட் ஷாஃப்ட் என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தால் போதும், சுரங்கம் சாம்பியன் ரீஃப்தான் என்று உறுதியாகிவிடும். எட்கர் ஷாஃப்ட் என்றால் அது மைசூர் மைன், நீங்கள் இத்தனை நாள் தப்பான இடத்தில் தேடியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். லைன் பெயரும் அதே அளவு முக்கியம். ஒரே ஊர்க்காரர்கள், ஒரே உறவுக்காரர்கள் பக்கத்துப் பக்கத்துத் தட்டி வீடுகளில்தான் குடியேறினார்கள். அந்த லைனில் இன்றும் இருக்கிற மற்றக் குடும்பங்களின் கதையில் உங்கள் குடும்பம் வரும்.

வருஷத்தைப் பிடிக்க ஊர் ஞாபகங்கள் உதவும். எங்கள் பாட்டி, “என் மாமனார் தாது வருஷப் பஞ்சத்துல பொறந்தவரு” என்பார். தாது வருஷம் என்றால் 1876-77. வட ஆற்காட்டை உலுக்கிய பஞ்சம் அது. 1880-களில் சுரங்கம் ஆள் தேடியபோது அந்தப் பக்கத்துச் சனம் மூட்டை முடிச்சோடு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 1898 பிளேக், 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து கரண்ட் வந்தது, 1918 விஷக்காய்ச்சல், 1930 வேலைநிறுத்தம், 1946 துப்பாக்கிச்சூடு. இவற்றில் எதற்கு முன், எதற்குப் பின் என்று கேட்டால் பெரியவர்கள் சட்டென்று சொல்லிவிடுவார்கள்.

டிரங்குப் பெட்டியையும் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் தாத்தாவின் பித்தளைப் பில்லை ஒன்று இருக்கிறது. ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரியது. மேலே கயிறு கோக்க ஓட்டை, நடுவில் ஆணியால் குத்தியது போல நான்கு இலக்க எண். வியர்வையும் விரலும் பட்டு ஓரமெல்லாம் மழுங்கிவிட்டது. பெயர் கிடையாது. பல வருடம் அதை விளையாட்டுச் சாமான் என்றுதான் வைத்திருந்தோம். பிறகு ஒரு நஷ்டஈட்டுக் காகிதத்தில் தாத்தாவின் பெயருக்கு முன்னால் அதே நான்கு இலக்கத்தைப் பார்த்தபோதுதான் புரிந்தது. ஒரே லைனில் பத்து முனுசாமி இருப்பார்கள். கம்பெனிக்கு எண்தான் ஆள். உங்களுக்கும் அந்த எண் கிடைத்தால், பாதித் தேடல் முடிந்த மாதிரி.

இனி மரணம். சாதாரணத் தொழிலாளி பெயரோடு காகிதத்தில் ஏறுவது பெரும்பாலும் நான்கு சமயங்களில்தான்: சாகும்போது, கல்யாணமோ ஞானஸ்நானமோ நடக்கும்போது, போலீசில் மாட்டும்போது, மனு கொடுக்கும்போது. அதனால் சம்பளப் புத்தகத்தை விட்டுவிட்டு இந்த நான்கையும் குறிவைத்துப் போக வேண்டும்.

ஏர் பிளாஸ்ட் என்று நம் ஆட்கள் சொல்வது பாறை வெடிப்பை. சாம்பியன் ரீஃப் போகப் போக உலகத்திலேயே மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றாகி, 3,200 மீட்டர் வரை இறங்கியது. அவ்வளவு கீழே பாறை மலைப்பாரத்தைத் தாங்கிக்கொண்டு இறுகிப்போய் இருக்கும். நடுவில் குடைந்து எடுத்ததும் ஒரு நொடியில் சுவர் குண்டு போலச் சிதறும். மேலே ஊரில் பாத்திரங்கள் அதிரும், பெண்கள் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்கள். மைசூர் அரசின் தலைமைச் சுரங்க ஆய்வாளர் வருடா வருடம் வெளியிட்ட அறிக்கைகளில் விபத்துகளை இப்படிப் பாறை வெடிப்பு, பாறைச் சரிவு, வெடிமருந்து, ஷாஃப்டில் விழுந்தது என்று வகை பிரித்துக் கணக்குக் காட்டியிருப்பார்கள். இவற்றை ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள். ரேஸ் கோர்ஸ் சாலை கனிஜ பவனில் உள்ள சுரங்க, புவியியல் துறையிலும் விசாரியுங்கள். 1894-ல் தொடங்கிய மைசூர் புவியியல் துறையின் வாரிசு அதுதான்.

ஆனால் தேதி தெரியாமல் அந்த அறிக்கைகளுக்குள் இறங்கினால் மூழ்கிவிடுவீர்கள். தேதியை எடுக்கும் இடம் அடக்கப் பதிவேடு. உங்கள் குடும்பம் அப்போது கிறிஸ்தவக் குடும்பமா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்திருந்தால் அந்தப் பங்கின் கோயிலில் பதிவேட்டைக் காட்டுமாறு பங்குத்தந்தையிடமோ ஆயரிடமோ பணிவாக ஒரு கடிதத்தோடு கேளுங்கள். நான் பார்த்த ஒன்று நீளவாக்கில் தோல் அட்டை போட்ட புத்தகம், மூலைகளை எலி கடித்திருந்தது. வரிசை எண், இறந்த தேதி, அடக்கம் செய்த தேதி, பெயர், வயது, தொழில், பாதிரியார் கையெழுத்து என்று கட்டங்கள். தொழில் என்ற இடத்தில் பக்கம் பக்கமாக ‘கூலி’, ‘கூலி’. ஒரு பக்கத்தில் விரல் நின்றுவிட்டது. அடுத்தடுத்து ஐந்து வரிகள். ஐந்துக்கும் ஒரே தேதி, ஒரே மை, கையெழுத்து கொஞ்சம் அவசரமாக. வயது 22, 30, 19, 27, 35. காரணம் எதுவும் எழுதவில்லை. எழுதத் தேவையே இல்லை. இளவயது ஆண்கள் ஐந்து பேரை ஒரே நாளில் அடக்கம் செய்திருந்தால், அதற்கு முந்தைய நாளோ அன்றோ சுரங்கத்தில் ஏதோ நடந்திருக்கிறது. அந்தத் தேதியை எடுத்துக்கொண்டு ஆய்வாளர் அறிக்கைக்கும் அந்த வாரத்து ஆங்கில, தமிழ்ச் செய்தித்தாள்களுக்கும் போனால் சுரங்கம், ஆழம், எத்தனை பேர் என்று ஒவ்வொன்றாக விரியும். கிறிஸ்தவர் அல்லாதவர்களுக்கும் இந்த வித்தை உதவும். ஒரே விபத்தில் செத்தவர்களில் ஒருவராவது ஏதோ ஒரு பதிவேட்டில் இருப்பார், அவரை வைத்து உங்கள் ஆளின் தேதியைப் பிடிக்கலாம்.

தங்கவயலுக்கென்று தனியாக ஒரு சுகாதார வாரியம் இருந்தது. பிறப்பு இறப்பு விவரத்துக்கு அந்தப் பக்கமும் தேட வேண்டும். ராபர்ட்சன்பேட்டை நகரசபையில் பழைய பதிவேடுகள் எந்த வருடத்திலிருந்து இருக்கின்றன என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேளுங்கள். ‘முனுசாமி பதிவு வேண்டும்’ என்று கேட்டால் இல்லை என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ‘எந்தெந்த வருடப் பதிவேடுகள் உள்ளன, எங்கே வைக்கப்பட்டுள்ளன, நேரில் பார்வையிட அனுமதி வேண்டும்’ என்று கேளுங்கள்.

மனு விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 1930-ல் தங்கவயல் தொழிலாளர்கள் சுமார் மூன்று வாரம் வேலைக்கு இறங்கவில்லை. காரணம், எல்லாத் தொழிலாளர்களின் கைரேகையையும் எடுத்துப் பதிவு செய்ய வேண்டும் என்று கம்பெனிகள் கொண்டுவந்த ஏற்பாடு. ஒரு சுரங்கத்தில் நீக்கப்பட்டவன் பெயரை மாற்றிக்கொண்டு இன்னொரு சுரங்கத்தில் வேலைக்குச் சேர முடியாமல் போய்விடும், குற்றவாளி போல ரேகை வைப்பதா என்ற கோபம் வேறு. பெரிய தலைவர் யாரும் இல்லாமலே கட்டுப்பாடாக நின்றார்கள். நாம் இன்று எந்தப் பதிவேடு கிடைக்காதா என்று ஏங்குகிறோமோ, அந்தப் பதிவேட்டில் ஏற மாட்டோம் என்றுதான் அவர்கள் சண்டை போட்டார்கள். இதை நான் ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. உங்கள் கொள்ளுத்தாத்தா அப்போது அங்கே இருந்திருந்தால், பெயரில்லாமல் போனதில் அவருடைய விருப்பமும் கொஞ்சம் இருந்திருக்கலாம். இன்னொன்று: சுரங்கத்தில் கொடுத்த பெயர் வீட்டுப் பெயராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பாட்டியின் அக்காவிடம் இதையும் கேளுங்கள்.

அந்த வேலைநிறுத்தத்தையும், 1946 நவம்பர் 4-ம் தேதி நடந்த துப்பாக்கிச்சூட்டையும் பற்றிய அரசுக் கோப்புகள் ஆவணக் காப்பகத்தில் தேட வேண்டியவை. 1946-ல் ஆறு தொழிலாளர்கள் உயிர்விட்டார்கள். ஊரில் இன்றும் அவர்களுக்கு நினைவஞ்சலி உண்டு. இது மாதிரிக் கோப்புகளில் போலீஸ் அறிக்கை, சாட்சி வாக்குமூலம், மனு எல்லாம் ஒன்றாகத் தைத்திருக்கும். பக்கங்களைப் புரட்டும்போது ஊதா மையில் கட்டைவிரல் ரேகைகள் வரிசையாக வரும் இடத்தில் நிதானமாக நில்லுங்கள். ரேகைக்குப் பக்கத்தில் யாரோ படித்தவர் பெயரும் அப்பா பெயரும் எழுதியிருப்பார்.

போலீஸ் என்றதும் தயங்காதீர்கள். தங்கவயல் அந்தக் காலத்திலேயே தனிப் போலீஸ் மாவட்டம். தங்கக் கல் வைத்திருந்ததாக வழக்குப் போடுவது அங்கே அன்றாட விஷயம். பிடிபட்டவர் தான் நிரபராதி என்று தானே நிரூபிக்க வேண்டிய அளவுக்குச் சட்டம் கடுமையாக இருந்தது. உங்கள் ஆள் பெயர் அப்படி ஒரு வழக்கில் வந்தால் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நூற்று இருபது வருடத்தில் சுமார் 800 டன் தங்கம் அந்த மண்ணிலிருந்து போனது. அதை வெட்டியவர் ஒரு துணுக்கை வேட்டி மடிப்பில் வைத்திருந்தார் என்றால் அந்தக் காகிதத்தையும் குடும்பக் காகிதங்களோடு பத்திரமாக வையுங்கள்.

தொழிலாளிகள் தாங்களே எழுதிய காகிதங்களும் இருக்கின்றன. ஆராய்ச்சி செய்கிறவர்களிலேயே பலர் ஆங்கிலக் கோப்புகளோடு நின்றுவிடுவதால் இதை அழுத்திச் சொல்கிறேன். அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் சென்னை ராயப்பேட்டையில் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’, அடுத்த வருடம் ‘தமிழன்’ என்று பெயர் மாறிய வார இதழ், தங்கவயலில் ஆவலாக வாசிக்கப்பட்டது. பண்டிதருடைய சாக்கைய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் கிளைகள் இருந்தன. 1914-ல் பண்டிதர் மறைந்த பிறகு, 1920-களில் தங்கவயலிலிருந்தே ஜி. அப்பாதுரையார் அந்த இதழைத் திரும்ப நடத்தினார். சங்கக் கூட்டம், நன்கொடை, கல்யாணம், இரங்கல் என்று ஊர்ச் செய்திகள் அதில் வரும். கம்பெனி எண்ணாகப் பார்த்தவரை இந்தப் பத்திரிகை ‘ஸ்ரீமான்’ போட்டு எழுதியது. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். அல்சூர் ஏரிக்கரைத் தமிழ்ச் சங்க நூலகத்தையும் விட்டுவிடாதீர்கள், உங்கள் வீட்டிலிருந்து அரை நாள் வேலைதான்.

குடும்பத்தில் யாராவது இருமி இருமிச் செத்தார்கள் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. பாறைத் தூசு நுரையீரலில் படிந்து வரும் சிலிகோசிஸ் நோய்க்கு நஷ்டஈடு கொடுக்க மைசூர் அரசு 1940-ல் விதிகள் போட்டது. அந்த வருடங்களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தங்கவயல் தொழிலாளர்களைச் சோதித்தார்கள். பத்தில் நான்கு பேருக்கு மேல் நோய் இருந்தது. ‘காசநோய்’ என்று வீட்டில் சொல்லும் பல மரணங்கள் உண்மையில் இதுதான் என்பது என் எண்ணம். நஷ்டஈடு வாங்கியிருந்தால் ஒரு காகிதம் பெட்டியில் எங்காவது கிடக்கும்.

விதான சௌதா போகும் முன் இரண்டு மூன்று விஷயம். அடையாள அட்டை, என்ன தேடுகிறீர்கள் என்று விளக்கும் ஒரு கடிதம், பென்சில், இவை போதும். முனுசாமி என்று கேட்காதீர்கள். காப்பகத்தின் பட்டியல் துறை, வருடம், பொருள் என்று போகுமே தவிர ஆள் பெயரில் போகாது. தங்கவயல், சுரங்கம், விபத்து, வருடம் என்று கேளுங்கள். கன்னடத்தில் நாலு வார்த்தை பேசினால் ஊழியர்கள் மனம் வைத்து உதவுவார்கள். ஒன்றும் கிடைக்காத நாளிலும் எந்தக் கோப்பைப் பார்த்தீர்கள் என்று தேதியோடு குறித்து வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வருடம் அதையே திரும்பப் பார்ப்பீர்கள். டெல்லிக் கோப்புகளுக்கு நேரில் போக வேண்டியதில்லை. தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘அபிலேக் படல்’ இணையதளத்தில் பட்டியலைத் தேடலாம், பலவற்றை அங்கேயே படிக்கலாம்.

எழுத்துக்கூட்டல் பெரிய சிக்கல். முனுசாமி என்ற பெயரை ஆங்கிலக் குமாஸ்தாக்கள் நடுவில் இரண்டு ‘ஓ’ போட்டும், கடைசியில் ‘டபிள்யூ’ சேர்த்தும், முனிசாமி என்றும் முனியசாமி என்றும் எழுதியிருப்பார்கள். தெரிந்த எல்லா எழுத்துக்கூட்டலையும் ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஊர்காம், நந்திதுர்க் போன்ற சுரங்கப் பெயர்களின் எழுத்துக்கூட்டலும் அதே கதைதான். சாதி என்ற கட்டத்தில் ஒரே குடும்பம் ஒரு வருடம் பஞ்சமர், இன்னொரு வருடம் ஆதிதிராவிடர், வேறொரு இடத்தில் பௌத்தர் என்று இருக்கும். வேறு ஆள் என்று நினைத்துத் தள்ளிவிடாதீர்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கைகளில் ஆள் பெயர் இராது. எந்த மாவட்டத்திலிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்று தெரிந்துகொள்ள மட்டும் பயன்படும்.

நீங்கள் செய்ய வேண்டிய அடுத்த காரியம் ஒன்றுதான். வரும் ஞாயிற்றுக்கிழமை மாரிக்குப்பம் ரயிலில் ஏறுங்கள், ஒயிட்ஃபீல்டிலேயே நிற்கும் வண்டியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பங்காரப்பேட்டை தாண்டியதும் கோரமண்டல், ஊர்காம், சாம்பியன், மாரிக்குப்பம் என்று வரும் பெயர்ப் பலகைகளைப் பாருங்கள், நான் சொன்ன சுரங்கப் பெயர்கள் அங்கே ஸ்டேஷனாக நிற்கும். ஜன்னலுக்கு வெளியே சாம்பல் வெள்ளையில் மேடு மேடாகத் தெரிவது சைனைட் மேடு. உங்கள் கொள்ளுத்தாத்தா வெட்டி அனுப்பிய பாறை அரைபட்டுக் குவிந்தது அது. பாட்டியின் அக்காவுக்குப் பிடித்ததை வாங்கிக்கொண்டு போங்கள். போனை மேசையில் வைத்து, அவர் அனுமதியோடு பதிவு செய்யுங்கள். முதலில் லைன் பெயரைக் கேளுங்கள். அப்புறம் டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். என்ன கிடைத்தது என்று எனக்கு எழுதுங்கள், அந்த எண்ணோ தேதியோ இருந்தால் விதான சௌதாவுக்கு நானும் கூட வருகிறேன்.